மருந்துக்கடை பெஞ்சு: கேஸ் மாத்திரையும் புரோபயாட்டிக்கும் சேர்த்துச் சாப்பிடலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வயிற்று உப்புசம் பற்றித்தான். வைகாசி முகூர்த்தம் முடிந்த கையோடு இப்படித்தான் வரும். காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருப்பவன் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் எத்தனை பேர் "ஒரு கேஸ் மாத்திரை" என்று கேட்கிறார்கள் என்பதை வைத்தே முந்தின நாள் முகூர்த்த நாளா இல்லையா என்று சொல்லிவிடலாம். தேவகோட்டையிலிருந்து வந்த கடிதத்தில் விஷயம் நிறைய இருப்பதால் அதற்கு நீளமாக எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: தம்பி, எனக்கு வயது 64. சர்க்கரையும் தைராய்டும் உண்டு. ஆறேழு மாதமாகச் சாப்பிட்ட ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் வயிறு உப்பி, கீழ்வயிறு கடமுடா என்று உருளுகிறது. கல்யாண வீட்டுச் சாப்பாடு என்றால் கேட்கவே வேண்டாம். கேஸ் மாத்திரை போட்டால் கொஞ்சம் இறங்கும். இப்போது சிங்கப்பூரில் இருக்கும் மகன் "நல்ல பாக்டீரியா" என்று ஒரு டப்பா கேப்சூல் அனுப்பியிருக்கிறான். இரண்டையும் சேர்த்து விழுங்கலாமா? எதை முன்னால், எதைப் பின்னால்? அவன் அனுப்பும் சுகர்ஃப்ரீ மிட்டாய் தவிர இனிப்பே தொடுவதில்லை. நான் சாப்பிடும் மாத்திரைகளைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன்.
— வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, கேட்ட கேள்விக்கு முதலில் பதில்: சேர்த்துச் சாப்பிடலாம். ஒன்றுக்கொன்று சண்டை இல்லை. நீங்கள் உறையை வெட்டி ஒட்டி அனுப்பியிருக்கும் மாத்திரையில் இருப்பது சிமெதிகோன் மட்டும்தான். அது ஒரு வகை சிலிக்கோன். ரத்தத்தில் கலக்காது, குடல் வழியாக வந்தபடியே போய்விடும். பருப்பு வேகும்போது நுரை பொங்கினால் ஒரு சொட்டு எண்ணெய் விடுவீர்களே, அந்த வேலைதான் அது வயிற்றுக்குள் செய்கிறது. சின்னச் சின்னக் குமிழ்கள் உடைந்து ஒன்றுசேர்ந்து ஏப்பமாகவோ கீழ்வழியாகவோ வெளியேறும். பாக்டீரியாவை அது கொல்லாது. அதனால் மகன் அனுப்பிய கேப்சூலுக்கு அதனால் கெடுதல் இல்லை. இரண்டுக்கும் நடுவே மணி பார்த்து இடைவெளி விட வேண்டியதும் இல்லை.

கேஸ் உண்டாவதைச் சிமெதிகோன் தடுக்காது, உண்டானதை வெளியேற்றத்தான் உதவும். ஆகவே சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் எடுப்பது வழக்கம். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 40 முதல் 125 மில்லிகிராம், டாக்டர் சொல்லாமல் ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. புரோபயாட்டிக் வேறு ஜாதி. அது இன்று போட்டு இன்று இறங்கும் சமாச்சாரம் இல்லை, வேலை செய்வதானால் வாரக்கணக்கில் ஆகும். அவசரத்துக்கு ஒன்று, பொறுமைக்கு ஒன்று.

உங்களுக்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு. காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் போடுகிறீர்கள். சிமெதிகோனும் சரி, அமிலத்தை அடக்கும் ஜெல்லும் சரி, தைராக்சின் உடம்பில் சேர்வதைக் குறைக்கக் கூடும். நாலு மணி நேர இடைவெளி வேண்டும் என்பது அந்த மாத்திரையின் விதி. எனவே காலைப் பலகாரத்துக்குப் பிறகு கேஸ் மாத்திரை வேண்டாம். மதியமும் இரவும் போதும்.

சரி, இனி அந்தத் தனித் தாளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைவிட அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சர்க்கரைக்கு எழுதியிருக்கும் மாத்திரையில் மூன்று மருந்துகள் ஒன்றாக இருக்கின்றன: கிளிமிபிரைடு, மெட்பார்மின், வோக்லிபோஸ். தீபாவளிக்குப் பிறகுதான் டாக்டர் இதற்கு மாற்றினார் என்று ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். உப்புசம் ஆறேழு மாதமாக என்கிறீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வோக்லிபோஸ் என்ன செய்கிறது தெரியுமா? சோறு, இட்லி, சர்க்கரை எல்லாம் சிறுகுடலில் குளுக்கோஸாக உடைந்து ரத்தத்தில் ஏற வேண்டும். உடைக்கிற என்சைமை இந்த மருந்து தாமதப்படுத்துகிறது. சாப்பிட்டவுடன் சர்க்கரை எகிறாமல் இருப்பது அதனால்தான். உடையாமல் மிஞ்சிய மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே காத்திருக்கும் பாக்டீரியாவுக்குப் பந்தி போட்ட மாதிரி. அவை அதைப் புளிக்கவைத்து ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன் என்று வாயுவை விடும். சாப்பிட்டு ஒரு மணி, ஒன்றரை மணி கழித்துக் கீழ்வயிறு உருளுகிறது என்று எழுதியிருப்பது இதோடு நன்றாகப் பொருந்துகிறது. மெட்பார்மினும் தன் பங்குக்கு வயிற்றைக் கலக்கக் கூடியதுதான். இதற்கெல்லாம் புரோபயாட்டிக் என்ன செய்யும், பாவம்!

இதைப் படித்துவிட்டு நாளைக் காலை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை மாத்திரையை நிறுத்துவதும் மாற்றுவதும் எழுதிக் கொடுத்தவர் வேலை. அவரிடம் போய், "இந்த மாத்திரை மாற்றிய பிறகுதான் வயிறு உப்புகிறது, வோக்லிபோஸ் இல்லாமல் தர முடியுமா, மெட்பார்மினை மெதுவாகக் கரையும் வகையில் தர முடியுமா" என்று நேராகக் கேளுங்கள். நம் பக்கத்துப் பெண்களுக்கு டாக்டரிடம் வாயு விஷயம் பேசக் கூச்சம். "வயிறு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்கள். அவரும் இன்னொரு மாத்திரை எழுதிவிடுகிறார். கூச்சப்படாமல் சொல்லுங்கள். அதுவரை மாத்திரையைச் சாப்பாட்டின் முதல் கவளத்தோடு போடுகிறீர்களா என்று பாருங்கள். அந்த வேளையில் சோற்றைக் குறைத்தால் கேஸும் குறையும்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம், கேஸுக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லியே ஆக வேண்டும். இந்த மாத்திரையில் கிளிமிபிரைடு இருப்பதால் எப்போதாவது சர்க்கரை தாழ்ந்து கைகால் நடுங்கலாம். அப்போது வீட்டுச் சர்க்கரையோ வெல்லமோ போட்டால் வேலை செய்ய நேரமாகும், ஏனென்றால் அதை உடைக்கிற வேலையைத்தான் வோக்லிபோஸ் தடுத்து வைத்திருக்கிறது. கடையில் விற்கும் குளுக்கோஸ் பொடி ஒரு டப்பா வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அது உடைய வேண்டியதில்லை, அப்படியே ஏறும்.

மிட்டாயையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். "சுகர்ஃப்ரீ" என்று எழுதியிருப்பதன் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். சார்பிட்டால், மால்டிட்டால், சைலிட்டால் என்று 'டால்' என முடியும் பெயர் ஏதாவது இருக்கும். இவையும் சிறுகுடலில் முழுதாக உறிஞ்சப்படாமல் கீழே போய்ப் புளிப்பவைதான். அளவு கூடினால் பேதியும் ஆகும். அந்த டப்பாவை ஒரு பத்து நாள் அலமாரியில் பூட்டிவிட்டுப் பாருங்கள். பைசா செலவில்லாத வைத்தியம்.

இனி மகன் அனுப்பிய கேப்சூல். படத்தை அனுப்பியதற்கு நன்றி. அதில் லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் என்று இரண்டு குடும்பத்துப் பாக்டீரியாக்கள் இருக்கின்றன, கூடவே 'இனுலின்' என்றும் இருக்கிறது. இனுலின் அந்தப் பாக்டீரியாவுக்குத் தீனி. நல்லெண்ணத்தில் சேர்த்ததுதான், ஆனால் அதுவும் புளித்து வாயு தரும். உப்புசத்துக்கு மருந்தாக வந்த டப்பாவிலேயே உப்புசத்துக்கு வழியும் இருக்கிறது! உங்களைப் போன்றவர்கள் இனுலினும், அதே மாதிரித் தீனியான எஃப்ஓஎஸ்ஸும் இல்லாத வகையாகப் பார்த்து வாங்குவது நல்லது. பிறகு, சூடு. இந்தக் குடும்பத்துப் பாக்டீரியாக்கள் பலவற்றுக்குக் குளிர்ச்சி தேவை. லேபிளில் எத்தனை டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். பார்சல் நம் ஊர்க் கத்திரி வெயிலில் வண்டியிலும் குடோனிலும் கிடந்து வந்திருந்தால், உள்ளே உயிரோடு எத்தனை மிச்சமோ. இங்கே கிடைக்கும் பேசில்லஸ் கிளாசி, பேசில்லஸ் கோவாகுலன்ஸ் போன்றவை வித்து வடிவில் இருப்பதால் சூட்டைத் தாங்கும். வெளிநாட்டு டப்பா என்பதால் உசத்தி என்று ஒன்றும் இல்லை.

"அதெல்லாம் சரி, வேலை செய்யுமா?" என்று கேட்பீர்கள். மறைக்காமல் சொல்கிறேன். உப்புசமும் வயிற்றுவலியும் தரும் குடல் எரிச்சல் நோய்க்குப் புரோபயாட்டிக் கொடுப்பது பற்றி அமெரிக்கக் குடல் மருத்துவச் சங்கங்கள் இரண்டு 2020, 2021-ஆம் ஆண்டுகளில் வழிகாட்டி வெளியிட்டன. ஒன்று ஆராய்ச்சிக்கு வெளியே வேண்டாம் என்றது. மற்றது பொதுவாகப் பரிந்துரைக்கவில்லை. பிரிட்டிஷ் சங்கம் 2021-இல் சொன்னது கொஞ்சம் இளகிய மனது: விரும்புகிறவர்கள் 12 வாரம் வரை போட்டுப் பார்க்கலாம், பலன் இல்லையென்றால் நிறுத்திவிடலாம் என்றது. கோவாகுலன்ஸையும் சிமெதிகோனையும் சேர்த்துக் கொடுத்து உப்புசம் குறைந்ததாக இத்தாலியில் ஓர் ஆய்வு வந்தது; ஆனால் அது சின்ன ஆய்வு. எனக்குத் தோன்றுவது பிரிட்டிஷ்காரர்கள் பக்கம்தான். போட்டுப் பார்க்க ஆசையிருந்தால் போடுங்கள், ஆனால் காலமெல்லாம் போடாதீர்கள்.

போடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. மூன்று மாற்றங்களை ஒரே நாளில் ஆரம்பித்தால் எது கேட்டது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. முதலில் மிட்டாயை நிறுத்துங்கள். அப்புறம் டாக்டர் மாத்திரையை மாற்றினால் இரண்டு வாரம் பாருங்கள். அப்போதும் உப்புசம் இருந்தால் கேப்சூலை ஆரம்பியுங்கள். முதல் சில நாள் கேஸ் கூடவும் செய்யலாம், அதற்குள் பயந்து விட்டுவிட வேண்டாம். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் வயிறு உப்பிய நாளுக்கு ஒரு கோடு போட்டு வாருங்கள். நாலு வாரத்தில் கோடு குறையவில்லையென்றால் மீதி டப்பாவை மறந்துவிடலாம். சிமெதிகோனைக் கல்யாண நாளுக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணச் சாப்பாடு என்றதும் கை தானாக எழுதுகிறது. நம் பந்தி வயிற்றுக்கு வைக்கிற பரீட்சை மசாலா மட்டும் இல்லை. காரத்தைத்தான் எல்லாரும் குறை சொல்கிறார்கள். காரம் எரிச்சல் தரலாம், ஆனால் கேஸ் தருவது பெரும்பாலும் வேறு. சின்ன வெங்காயம், பூண்டு இரண்டிலும் ஃபிரக்டான் என்ற சத்து உண்டு. மனிதக் குடலில் அதை உடைக்கும் என்சைம் கிடையாது. மொச்சை, பருப்பு, உளுந்தில் இருப்பது ராஃபினோஸ் குடும்பம், அதுவும் அப்படியே. வெண்டைக்காய் மண்டியில் உரித்த சின்ன வெங்காயமும் முழுப் பூண்டும் மொச்சையும் கைநிறைய விழும். பால் பணியாரத்தில் உளுந்தும் பாலும். கும்மாயத்தில் உளுந்தும் பாசிப்பருப்பும். இடைப்பலகாரத்துக்குச் சீயம், உள்ளே கடலைப்பருப்புப் பூரணம். எல்லாம் ஒரே நாளில், ஒரே வயிற்றுக்கு, அதுவும் வோக்லிபோஸ் போட்ட வயிற்றுக்கு.

வீட்டுச் சமையலில் இரண்டு வழி இருக்கிறது. மொச்சையையும் பயறையும் இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். கேஸ் தரும் சத்தில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். பூண்டு மணம் இல்லாமல் மண்டி எப்படி என்பீர்கள். ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. நல்லெண்ணெயில் பூண்டை முழுதாக வதக்கி எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் நிற்கும், பூண்டு வயிற்றுக்குள் போகாது. எங்கள் வீட்டில் இதை முதலில் கேலி செய்தார்கள், இப்போது விருந்தாளிக்குக்கூடத் தெரிவதில்லை. வெளியே கல்யாணத்தில் உங்களால் முடிந்தது, பாலில் மிதக்கும் பணியாரத்தை ஒன்றோடு நிறுத்துவதும், சாப்பிட்டதும் முகப்பில் சாய்ந்துவிடாமல் கால் மணி நேரம் நடப்பதும்.

கடைசியாக ஒன்று, இதைத் தள்ளிப்போட வேண்டாம். 50 வயதுக்கு மேல் புதிதாக வந்து விடாமல் தொடரும் உப்புசம் என்றால், பெண்களுக்கு ஒரு முறை வயிற்று ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது. கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், சினைப்பை இருக்கலாம் அல்லவா? சினைப்பைக் கட்டி ஆரம்பத்தில் இப்படித்தான் "கேஸ்" வேஷத்தில் வரும். உங்களுக்கு மாத்திரைதான் காரணம் என்று நான் பெரிதும் நம்புகிறேன். இருந்தாலும் நான் கடைக்காரன், உள்ளே பார்க்கும் கண் எனக்கில்லை. எடை குறைவது, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைவது, மலத்தில் ரத்தம் அல்லது தார் மாதிரிக் கறுப்பு, ரத்தசோகை, தூக்கத்தில் எழுப்பும் வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த வாரம் என்று வைத்துக்கொள்ளாமல் போய்விடுங்கள்.

கேள்வி: ஐயா, கடையில் "கேஸ் மாத்திரை" என்று கேட்டால் ஒவ்வொரு கடையில் ஒவ்வொன்று தருகிறார்கள். ஒரு முறை கறுப்பு மாத்திரை, ஒரு முறை ரோஸ் நிற ஜெல், ஒரு முறை காலையில் வெறும் வயிற்றில் போடும் கேப்சூல். எல்லாம் ஒன்றுதானா?
— வாசகர், பள்ளத்தூர்

பதில்: ஒன்று இல்லை. எங்கள் தொழிலின் லட்சணம் இது, மன்னிக்கவும்.

கறுப்பு மாத்திரை என்பது கரி, பெரும்பாலும் சிமெதிகோனோடு சேர்ந்தது. கரி கையில் அகப்பட்டதையெல்லாம் பிடித்துக்கொள்ளும், நீங்கள் போட்ட மற்ற மருந்தையும் சேர்த்து. பிரஷர், சர்க்கரை, வலிப்பு என்று தினசரி மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் மற்ற மாத்திரைக்கும் இதற்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். மலம் கறுப்பாகப் போகும். அது கரியா ரத்தமா என்ற குழப்பம் வேறு.

ரோஸ் ஜெல்லில் அமிலத்தை அடக்கும் அலுமினியம், மெக்னீசியம் உப்புகள், கூடவே சிமெதிகோன். டைஜீன், ஜெலுசில் எல்லாம் இந்த வகை. நெஞ்செரிச்சலும் ஏப்பமும் சேர்ந்து இருந்தால் பொருத்தம். வெறும் உப்புசத்துக்கு அந்த உப்புகள் தேவையே இல்லை. இரும்புச் சத்து, தைராக்சின், டாக்சிசைக்கிளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகளின் வேலையை இவை கெடுக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் குடிக்கக் கூடாது.

காலையில் வெறும் வயிற்றில் போடுவது பான்டோபிரசோல் அல்லது ரபிபிரசோல், சிலசமயம் டோம்பெரிடோனோடு. அது அமிலச் சுரப்பைக் குறைப்பது, கேஸுக்கு அல்ல. சீட்டு இல்லாமல் தரவும் கூடாத மருந்து. ஆனால் நம் ஊரில் அதைக் கேட்டுக் கிடைக்காமல் போனவர் யார்? வருஷக்கணக்கில் போடுகிறவர்களுக்கு அமிலம் குறைந்து சிறுகுடலில் பாக்டீரியா பெருகும் வாய்ப்பு கூடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அப்படிப் பெருகினால் அதுவே உப்புசம் தரும். உப்புசத்துக்கென்று அதை ஆரம்பித்து, உப்புசம் போகவில்லை என்று தொடர்ந்து போடுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

இவை தவிர ஜீரண சிரப் உண்டு, என்சைம் கலந்தது. மேலே தேவகோட்டை ஆச்சிக்கு எழுதினேனே வோக்லிபோஸ், அது போடுகிறவர்கள் இந்தச் சிரப்பைத் தவிர்க்க வேண்டும். மருந்து எதைத் தடுக்கிறதோ அதையே சிரப் செய்து முடித்துவிடும். போதாததற்குச் சில சிரப்பில் சர்க்கரையும் உண்டு.

கடையில் இனிமேல் "கேஸ் மாத்திரை" என்று கேட்காமல் "சிமெதிகோன் மட்டும் உள்ளது" என்று கேளுங்கள். கடைப் பையன் முழித்தால் எழுதிக் காட்டுங்கள்.

கேள்வி: வீட்டில் உறைகுத்திய தயிரும் நீராகாரமும் இருக்கும்போது எதற்குக் கேப்சூல்? எங்கள் ஐயா 90 வயது வரை பழைய சோறும் மோரும்தான்.
— வாசகர், கானாடுகாத்தான்

பதில்: உங்கள் ஐயாவுக்கு வணக்கம். தயிரைப் பற்றி உலகத்துக்கே பெரிதாகப் பேசியவர் எலி மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி. பல்கேரியாவில் தயிர் உண்பவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்று 1907 வாக்கில் எழுதினார். அடுத்த ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, ஆனால் தயிருக்காக அல்ல, நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்காக.

தயிரிலும் பழைய சோற்றிலும் உயிருள்ள பாக்டீரியா உண்டு, சந்தேகமே இல்லை. ஆனால் புரோபயாட்டிக் என்று சொல்வதற்கு உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் 2001-இல் வைத்த வரையறைப்படி, போதிய அளவில் கொடுத்தால் உடம்புக்கு நன்மை தருவதாகக் காட்டப்பட்ட உயிர்களாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டு உறையில் எந்த இனம், எத்தனை கோடி என்று யாரும் எண்ணியதில்லை. அதனால் அது மருந்து இல்லை, நல்ல சாப்பாடு. அதுவே பெரிய விஷயம்தானே! பால் குடித்தால் உப்புகிறவர்களுக்குத் தயிர் ஒத்துக்கொள்வதுண்டு. பால் சர்க்கரையில் ஒரு பகுதியைப் பாக்டீரியா முன்கூட்டியே சாப்பிட்டுவிடுகிறது. மோர்க்குழம்பாகக் கொதிக்கவைத்தால் அந்த உயிர்கள் போய்விடும், ருசி மட்டும் மிஞ்சும். சர்க்கரைக்காரர்கள் பழைய சோற்றையும் சோறாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் குட்டிப் பாட்டிலில் வரும் இனிப்புப் பால் பானங்களிலும் சர்க்கரை சேர்ந்திருக்கிறது.

உங்கள் வயிறு தயிரிலேயே சும்மா இருந்தால் கேப்சூல் வாங்காதீர்கள். என் மகன் கல்லாவில் இருக்கும்போது இதைச் சொன்னேன் என்று சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பேரனுக்கு ஐந்து வாரம். சாயங்காலமானால் காலை மடக்கிக்கொண்டு இரண்டு மூன்று மணி நேரம் வீறிடுகிறான். கேஸ் சொட்டு மருந்தும் புரோபயாட்டிக் சொட்டும் சேர்த்துக் கொடுக்கலாமா? மாமியார் உரைமருந்து கொடுக்கச் சொல்கிறார்.
— வாசகி, கோட்டையூர்

பதில்: குழந்தை பால் குடிக்கிறான், எடை கூடுகிறான், காய்ச்சல் இல்லை, பச்சையாக வாந்தி இல்லை, மலத்தில் ரத்தம் இல்லை என்றால் இது பெரும்பாலும் அந்த வயதுக்கே உரிய அழுகைதான். ஆறு வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் தானே அடங்கும்.

சிமெதிகோன் சொட்டு பெரும்பாலும் கெடுதல் செய்யாது. ஆனால் மருந்தில்லாத வெறும் சொட்டு கொடுத்த குழந்தைகளோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் அது கூடுதலாகப் பலன் தந்ததாகத் தெரியவில்லை. புரோபயாட்டிக்கில் லாக்டோபேசில்லஸ் ராய்ட்டரி என்ற ஒரு வகை, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளின் அழுகையைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. எல்லாப் புரோபயாட்டிக்குக்கும் அந்தப் பெருமை கிடையாது. குழந்தை மருத்துவரிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு, அவர் சரி என்றால் கொடுங்கள். பேரன் குறைமாதத்தில் பிறந்திருந்தால் நீங்களாகக் கொடுக்கவே கூடாது. குறைமாதக் குழந்தைகளுக்குப் புரோபயாட்டிக் பாக்டீரியாவே ரத்தத்தில் கலந்து ஆபத்தாகலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2023-இல் எச்சரித்தது.

உரைமருந்து விஷயத்தில் மாமியாருக்கும் உங்களுக்கும் நடுவில் நான் வர விரும்பவில்லை, ஆனால் வந்தாக வேண்டியிருக்கிறது. கல்லில் உரைத்த வசம்பு, ஜாதிக்காய், கடுக்காய் எதையும் ஐந்து வாரக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். அளவு தெரியாது, கல்லும் தண்ணீரும் சுத்தமா என்று தெரியாது. மாமியாரிடம் பேரனைக் கொடுத்துத் தோளில் போட்டு ஏப்பம் விடவைக்கச் சொல்லுங்கள். அதில் அவரை மிஞ்ச ஆள் இருக்க முடியாது.

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. மாடிப்படி ஏறினால் நெஞ்சில் வாயு அடைக்கிறது என்கிறார். கோலி சோடா குடித்து ஏப்பம் விட்டுக் கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிறது. புரோபயாட்டிக் ஏதாவது சொல்லுங்கள்.
— வாசகர், புதுவயல்

பதில்: தம்பி, இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்காமல் தபால் அட்டையில் இருந்த எண்ணுக்கு ஏற்கெனவே போன் செய்து சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். ஏறினால் வருவது, உட்கார்ந்தால் போவது வாயு இல்லை. வாயுவுக்கு மாடிப்படி தெரியாது. அது இருதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதாக இருக்கலாம். சோடாவால் சரியாகவில்லை, உட்கார்ந்ததால் சரியாகிறது. சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பே பெரிய வலி இல்லாமல் அடைப்பு மாதிரியும் வியர்வை மாதிரியும் வரும். அன்றைக்கே இசிஜி எடுக்க வேண்டும். உட்கார்ந்த பிறகும் அடைப்பு விடவில்லை, வியர்க்கிறது, இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிறது என்றால் 108. மருந்துக்கடைக்கு வரவே வேண்டாம்.

கேள்வி: யாருக்குப் புரோபயாட்டிக் கூடவே கூடாது?
— வாசகி, நாச்சியாபுரம்

பதில்: புற்றுநோய்க்கு மருந்து ஏறுகிறவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு போடுகிறவர்கள், கழுத்து அல்லது மார்பு ரத்த நாளத்தில் குழாய் வைத்திருப்பவர்கள், கணைய வீக்கம் கடுமையாக இருப்பவர்கள். இவர்கள் டாக்டர் வாயால் கேட்காமல் தொடக் கூடாது. ஆன்டிபயாட்டிக் போடும் நாட்களில் பாக்டீரியா வகையை இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். சாக்கரோமைசிஸ் என்று எழுதியிருந்தால் அது ஈஸ்ட். ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது, ஆனால் தோலில் வரும் படை, பூஞ்சைக்குப் போடும் மாத்திரை அதைக் கொன்றுவிடும்.

கேள்வி: பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் ஈனோ கலந்து குடித்தால்தான் தூக்கம் வருகிறது. தொடரலாமா?
— வாசகர், கண்டனூர்

பதில்: வேண்டாம். அதில் பொங்குவது சோடா உப்பும் சிட்ரிக் அமிலமும். நெஞ்செரிச்சலுக்கு எப்போதாவது சரி, தினமும் என்றால் சோடியம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்; ஊறுகாயைக் குறைத்துவிட்டு இதைக் குடிப்பதில் பிரஷருக்கு என்ன லாபம்? பொங்கி வருவது கார்பன் டை ஆக்சைடு என்பதால் உப்பிய வயிற்றில் இன்னும் கொஞ்சம் வாயுவைத்தான் ஊற்றுகிறீர்கள். பெரிய ஏப்பம் வந்ததும் சுகமாக இருப்பது அந்த வாயு வெளியே வருவதால். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துப் பாருங்கள். இரண்டு வாரத்திலும் தூக்கம் பிடிக்கவில்லை என்றால், பிரஷர் பார்க்கும் டாக்டரிடம் ஈனோ கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.